பழைய பதிப்பின் எடை

திருச்சுழியில் இருந்த மானாவாரி மேம்பாட்டு வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்கு 1996ஆம் வருஷம் புரட்டாசி மூன்றாம் தேதி ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வேனை விட்டு இறக்குவதற்குள் வட்டார அலுவலர் சௌந்தரபாண்டியன் மாலையோடு போய் நின்றுவிட்டார். அட்டைப் பெட்டிக்கு முகம் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு பக்கமும் ஆளுக்கொரு மாலையைச் சாத்தி, தேங்காய் உடைத்து, உள்ளே தூக்கிப் போனார்கள்.

அலுவலகத்தில் நல்ல அறை ஒன்றுதான் இருந்தது. வருகிற விவசாயிகள் உட்காருவதற்கென்று கட்டிய அறை. பெஞ்சுகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அங்கே ஏசி மாட்டி, சிவப்பு விரிப்பு விரித்து, வாசலில் ‘காலணிகளைக் கழற்றவும்’ என்று எழுதினார்கள். விவசாயிகள் சீமைக் கருவேல மரத்தடிக்குப் போனார்கள். அதற்கு நிழல் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. முள் கிடந்ததால் செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை.

திறப்பு விழாவில் சௌந்தரபாண்டியன் முக்கால் மணி நேரம் பேசினார்.

“கரிசல் காட்டு விவசாயி இதுவரைக்கும் வானத்தைப் பார்த்தே வாழ்ந்தான். இனிமேல் அவன் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் திரையைப் பார்த்தால் போதும்.”

மரத்தடியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “மழை எப்ப வரும்னு அதுல தெரியுமாங்கய்யா?”

“மழையைத் தவிர எல்லாம் தெரியும்மா” என்றார் சௌந்தரபாண்டியன். கைதட்டினார்கள்.

கம்ப்யூட்டரை இயக்க ஓர் ஆள் வேண்டும் என்பது நான்கு நாள் கழித்துத்தான் அலுவலகத்துக்கு உறைத்தது. பாலவனத்தத்திலிருந்து ஜெகதீஸ்வரனைத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். வயது இருபத்தெட்டு. கணிதத்தில் பட்டம் வாங்கி, மதுரையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவன். மனைவி இறந்து ஏழு மாதம். அதன் பிறகு அவனுக்கு எதன் மீதும் கோபம் வந்ததில்லை. ஓர் அலுவலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான தகுதி வேறு இருக்க முடியாது.

சேர்க்கைப் படிவத்தில் துணைவர் பெயர் என்ற இடத்தில், கைப்பழக்கத்தில் ப்ரியா என்று எழுதிவிட்டான். பிறகு அடித்தான். கண்காணிப்பாளர் ராஜகுரு மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார். விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர்.

“அடிச்சா மட்டும் போதாது தம்பி. அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்துல சான்றொப்பம் வேணும். இல்லைன்னா அவுக இருக்கிறதாத்தான் அர்த்தம்.”

அவரே கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். மை காயட்டும் என்று வாயால் ஊதியும் விட்டார். வாரியத்தின் விதிப்படி ப்ரியா அன்றைக்குத்தான் இறந்தாள்.

வாரியத்துக்கு அந்தப் பருவத்தில் ஒரே ஒரு வேலைதான். வட்டாரத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது விவசாயிகளுக்கு மானியப் பருத்தி விதை கொடுக்க வேண்டும். விதை மூட்டைகள் வந்து பின்பக்கத்துக் கிட்டங்கியில் அடுக்கிக் கிடந்தன. பெயர்ப் பட்டியலும் இருந்தது. ஆனால் விதை அட்டை இல்லாமல் விதை கொடுக்கக் கூடாது. அந்த அட்டையை இந்த வருஷத்திலிருந்து கையால் எழுதக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் அச்சடிக்க வேண்டும் என்று சென்னைத் தலைமையிடம் சுற்றறிக்கை விட்டிருந்தது.

கரிசலில் பருத்தியை மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணில் போட்டுவிட வேண்டும். புழுதி விதைப்பு என்பார்கள். மழை விழுந்துவிட்டால் அந்த மண் களியாகிவிடும். மாடு இறங்காது, மனுசனும் இறங்க முடியாது. மறுபடி காய்ந்து கால் வைக்கிற பதத்துக்கு வரும்போது பருத்திக்குப் பருவம் தப்பியிருக்கும். அந்த வருஷம் நிலம் தரிசுதான்.

திறப்பு விழாவில் மழையைப் பற்றிக் கேட்டவள் பரளச்சிப் பக்கத்துச் சந்தனம்மாள். நாற்பது வயதிருக்கும். நாலு ஏக்கரை உழுது போட்டுவிட்டுத் தினமும் முதல் பஸ்ஸில் வந்து கருவேல மரத்தடியில் நிற்பாள். போன வருஷம் மழை ஏமாற்றியதில் வீட்டில் ஒரு பிடி விதைகூட மிச்சமில்லை. கிட்டங்கிக் கதவு இருபது அடி தூரத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போவாள்.

ஜெகதீஸ்வரன் வேலைக்குச் சேர்ந்த அன்றே, அட்டை அச்சடிப்பதற்காகச் சென்னையில் எழுதி அனுப்பிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தான். திரையில் ஒரு வரி வந்தது. ‘பதிப்பு ஆறு தேவை. இந்த இயந்திரம் தகுதியற்றது.’

விஷயம் சிறியது. புதிய கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் தொண்ணூற்றைந்து; அதன் அடியில் ஓடும் டாஸ் ஏழாம் பதிப்பு. தலைமையிடத்தில் யாரோ அந்தப் புரோகிராமை டாஸ் ஆறாம் பதிப்பு இருந்த காலத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர், ஆறைத் தவிர வேறு எந்த எண்ணைக் கண்டாலும் கதவைச் சாத்திக்கொள்ளும்படி முதல் வரியிலேயே சொல்லி வைத்துவிட்டார். ஆறுக்குப் பிறகும் எண்கள் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஜெகதீஸ்வரன் ராஜகுருவிடம் போனான். சௌந்தரபாண்டியனும் இருந்தார்.

“சார், ரெண்டு நிமிஷ வேலை. இதுக்குன்னே ஒரு கட்டளை இருக்கு. அதைக் கொடுத்துட்டா, இந்தப் புரோகிராம் வந்து கேக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் ‘நான் ஆறுதான்’னு சொல்லும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். இன்னைக்கே அட்டை அடிச்சிரலாம்.”

ராஜகுரு எழுந்து நின்றுவிட்டார்.

“அதாவது, கம்ப்யூட்டர் தன் பதிப்பை மறைச்சுப் பொய் சொல்லும்?”

“பொய்யின்னு இல்ல சார்...”

“தம்பி, இந்த ஆபீஸ்ல பொய் சொல்ற அதிகாரம் வட்டார அலுவலர் நிலைக்குக் கீழே யாருக்கும் வழங்கப்படலை.”

சௌந்தரபாண்டியன் அடக்கமாகத் தலையாட்டினார்.

ஆகவே முறைப்படி புதியதை நீக்கிவிட்டுப் பழையதைப் போடுவது என்று முடிவானது. பழைய பதிப்பை வாங்க அனுமதி கேட்டுச் சென்னைக்கு எழுதினார்கள். வாரியம் எந்தப் பொருளை வாங்கினாலும் நடப்பில் உள்ள புதிய வகையையே வாங்க வேண்டும், பழையதை வாங்குவது நிதி ஒழுங்கீனம் என்று பதில் வந்தது. வாங்க முடியாது என்றால் இருப்பதை எடுக்க வேண்டும். வாரியத்தின் அருப்புக்கோட்டைக் கிளையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், கழிக்கப்பட்ட பொருள் என்று சீட்டு ஒட்டி, ஏலத்துக்காக மூன்று வருஷமாகக் காத்திருந்தது. அதோடு ஆறாம் பதிப்பு அடங்கிய நான்கு பிளாப்பிகளும் காத்திருந்தன.

“கழிச்சதை எடுக்க முடியுமா சார்?” என்று கேட்டான் ஜெகதீஸ்வரன்.

“ஏன் முடியாது? வாரியத்துல செத்தது திரும்பி வர்றதுக்கு ஒரு படிவம் இருக்கு. ஏழாம் எண்.”

மூன்று நகல் நிரப்பச் சொல்லி அவனிடமே நீட்டினார். ஜெகதீஸ்வரன் அந்தப் படிவத்தைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிரப்பினான்.

அதற்குள் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அலுவலகமே தேர்தல் பணிக்குப் போய்விட்டது. பத்து நாள் ஜெகதீஸ்வரனும் கிட்டங்கிக் காவலர் நல்லகண்ணுவும் மட்டும் இருந்தார்கள். கம்ப்யூட்டர் சூடாகிவிடக் கூடாது என்று ஏசி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. சந்தனம்மாள் ஜன்னலோரம் வந்தாள்.

“என்ன தம்பி, உங்க பெட்டிக்கு என்னதான் சீக்கு?”

“புதுசை எடுத்துட்டுப் பழசைப் போடணும்மா. பழசுலதான் அட்டை வரும்.”

“அப்ப எதுக்குப் புதுசை வாங்கினாக?”

“பழசு வாங்கக் கூடாதாம்.”

சந்தனம்மாள் நல்லகண்ணுவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

“எங்க வீட்டு அவுக சந்தையில இளங்காளையா வாங்கிட்டு வந்து, இது பல்லு விழுந்து கிழடாகட்டும், அப்புறம் ஏர்ல பூட்டலாம்னு உக்காந்திருந்தாகன்னா ஊரே சிரிக்கும். இங்க மட்டும் அதுக்குச் சம்பளம் கொடுக்காக.”

அவன் சிரிக்கவில்லை. அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சாப்பிட்டீகளா தம்பி?” என்று கேட்டாள். சாப்பிட்டோமா என்பது அவனுக்கு நினைவில்லை.

தேர்தல் முடிந்து, ஏழாம் படிவம் கையெழுத்தாகி, நான்கு பிளாப்பிகளும் உறையிலிட்டு வந்து சேர்ந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. மதுரை மண்டல அலுவலகத்திலிருந்து தணிக்கையாளர் இன்பராஜ் வந்தார். அவர், சௌந்தரபாண்டியன், ராஜகுரு மூன்று பேரும் நீக்கல் குழு.

குழுவுக்கு ஒரு கவலை. புதிய பதிப்பு இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள். அதை நீக்கினால், நீங்கியது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். வாரியம் விதை வாரியம். அதன் கையேட்டில் இருபத்தோராம் விதி தெளிவாகச் சொல்கிறது: ‘இருப்பிலிருந்து எப்பொருளை நீக்கினும், நீக்குமுன்னும் நீக்கிய பின்னும் எடை பார்த்து வேறுபாட்டைப் பதிக.’

கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக் கிட்டங்கித் தராசுக்குக் கொண்டுபோனார்கள். கீறல் விழாமல் இருக்க நல்லகண்ணு தராசின் மேல் ஒரு சாக்கை நான்காக மடித்து விரித்தார். எடை பதினோரு கிலோ நானூறு கிராம். மூன்று பேரும் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். மறுபடி அறைக்குக் கொண்டுவந்து, ஜெகதீஸ்வரன் உட்கார்ந்து புதிய பதிப்பை அழித்தான். சௌந்தரபாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திரை கறுத்தது. மறுபடி தராசு. பதினோரு கிலோ நானூறு கிராம்.

“ஒண்ணும் நீங்கலையே” என்றார் இன்பராஜ்.

“அதுக்கு எடை கிடையாது சார்.”

“எடை இல்லாத பொருளை வாரியம் எப்படி விலை கொடுத்து வாங்கியிருக்கும்? யோசிச்சுப் பேசுங்க.” இன்பராஜ் குழுவின் பக்கம் திரும்பினார். “இருபத்திரண்டு வருஷம் தணிக்கை பண்ணியிருக்கேன். இருக்கிறதை இல்லைன்னு எழுதியிருக்கேன், இல்லாததை இருக்குன்னு எழுதியிருக்கேன். ஆனா எடை போடாம எதையும் எழுதினதில்லை. அந்தச் சுத்தம்தான் என்னை இந்த நாற்காலியில வச்சிருக்கு.”

நாளைக்கு ஒழுங்காக அழிக்கும்படி ஜெகதீஸ்வரனுக்கு உத்தரவானது. அழித்ததையே மறுநாள் மறுபடி அழித்தான். கறுத்த திரை கறுப்பாகவே இருந்தது. தராசுக்குக் கொண்டுபோனார்கள். பத்து கிலோ எண்ணூறு கிராம்.

“பார்த்தீகளா!” என்று ராஜகுரு தொடையில் தட்டினார். “மனசு வச்சா முடியுதுல்ல.”

புதிய பதிப்பின் எடை அறுநூறு கிராம் என்று பதிவேட்டில் ஏறியது. இவ்வளவு கனமான பதிப்பைக் கொடுத்ததற்காக வாரியம் பெருமைப்பட வேண்டும் என்றார் சௌந்தரபாண்டியன்.

தராசின் மேல் சாக்கு இல்லை என்பதை ஜெகதீஸ்வரன் பார்த்தான். முந்தின நாள் சாயங்காலம் காரியாபட்டிக்குப் போன மண்வெட்டிகளை நல்லகண்ணு அதில் சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தார். சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கதவு வழியாக வெளியே பார்த்தான். சந்தனம்மாள் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு நடந்தான்.

நான்கு பிளாப்பிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டான். அரை மணி நேரத்தில் பழைய பதிப்பு ஏறியது. புரோகிராமை ஓட்டினான். கதவு திறந்துகொண்டது, முதல் விவசாயியின் பெயரைக் கேட்டது. பிரிண்டரில் காகிதத்தைச் செருகப் போனான்.

“நில்லுங்க” என்றார் இன்பராஜ். “சேர்த்த பிறகும் எடை.”

பத்து கிலோ எண்ணூறு.

அறுநூறு கிராம் போயிருக்கிறது, ஒரு கிராம்கூட வரவில்லை. இன்பராஜ் பேனாவை மூடினார். “இது இருப்புக் குறைவு.”

அப்போதுதான் ஜெகதீஸ்வரன் சொன்னான். “சார், முதல் நாள் சாக்கோட நிறுத்தோம். ரெண்டாவது நாள் சாக்கு இல்ல. அந்த அறுநூறு, சாக்கு.”

“ஆமாங்கய்யா, நான்தான் விரிச்சேன்” என்றார் நல்லகண்ணு.

ராஜகுரு பதிவேட்டைப் புரட்டினார். முதல் நாள் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். “கம்ப்யூட்டர் ஒன்று. தராசு ஒன்று. சாட்சிகள் மூவர். சாக்குன்னு எங்கேயும் இல்லையே தம்பி. பதிவேட்டுல இல்லாத சாக்கு எப்படி எடை காட்டும்?”

அறுநூறு கிராம் பற்றித் தெளிவுரை கேட்டுச் சென்னைக்குக் கோப்பு போனது. தெளிவுரை வரும்வரை கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது என்று அறையைப் பூட்டி, பூட்டுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். தேர்தலில் மிஞ்சிய அரக்கு நிறைய இருந்தது. குறைவுக்கு விளக்கம் கேட்டு ஜெகதீஸ்வரனுக்கு மெமோ கொடுத்தார்கள். அவன் ‘அது சாக்கு’ என்று இரண்டு வார்த்தையில் எழுதிக் கொடுத்தான். விளக்கத்தில் பணிவு போதவில்லை என்று திரும்பி வந்தது. ‘பணிந்து தெரிவிப்பது யாதெனில், அது சாக்கு’ என்று எழுதிக் கொடுத்தான். கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் சந்தனம்மாள் அவனை நிறுத்தினாள்.

“நெசத்தைச் சொல்லுங்க தம்பி. அட்டை வருமா, வராதா? வராதுன்னா நான் மாட்டையாவது வித்துட்டு விதை தேடுவேன். மாட்டை வித்துட்டா அடுத்த வருஷம் உழவுக்கு என்ன செய்வேன்னு அப்புறம் பார்த்துக்கிடுவேன். இன்னும் அஞ்சாறு நாள்தான் இருக்கு. மேகம் உங்க கோப்புக்காக நிக்காது.”

“தெரியலம்மா” என்றான். பிறகு, “மாட்டை விக்காதீக” என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. கையில் எதுவும் இல்லாமல் சொன்ன வார்த்தை அது.

நான்கு நாளில் ஆயுத பூஜை வந்தது.

கம்ப்யூட்டர் வந்த முதல் வருஷம். அதைப் பூட்டி வைத்துக்கொண்டு தட்டச்சு இயந்திரத்துக்கும் தராசுக்கும் மட்டும் பொட்டு வைப்பதா என்று சௌந்தரபாண்டியன் கலங்கிப்போனார். ராஜகுரு கையேட்டில் வழி கண்டுபிடித்தார். சாட்சிகள் முன்னிலையில் அரக்கை உடைத்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கதம்பச் சரம். பிரிண்டருக்குக் கனகாம்பரம். முன்னால் ஒரு விளக்கு, பக்கத்தில் எண்ணெய் பாட்டில். பிளாப்பி போடுகிற வாயில் குங்குமம் வைக்கப் போன கையை ஜெகதீஸ்வரன் பிடித்துக்கொண்டான். அந்த அலுவலகத்தில் அவன் ஒருவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அருகில் ஒரு தாம்பாளத்தில் எல்லாச் சாவிகளையும் வைத்தார்கள். கிட்டங்கிச் சாவியும் அதில் இருந்தது.

சௌந்தரபாண்டியன் பேசினார். “வருஷம் பூராவும் நமக்காக உழைத்துத் தேய்ந்த கருவிகளுக்கு இன்று ஒரு நாள் ஓய்வு. இன்று இவற்றை யாரும் தொடக் கூடாது. உழைப்பின் அருமை தெரிந்தவன்தான் ஓய்வின் அருமையை அறிவான். என்னைப் பாருங்கள்.”

பார்த்தார்கள். பதினோரு மணிக்குள் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

ராஜகுரு வாசலில் திரும்பினார். “விளக்கு எரியுறப்போ அறையைப் பூட்டக் கூடாது. தம்பி, விளக்கு மலையேறுற வரைக்கும் இருந்து பார்த்துக்கிட்டு, பூட்டிட்டுப் போங்க.”

“விளக்கு எரியுற வரைக்கும் நான் இங்க இருக்கலாமா சார்?”

“இருக்கலாம் என்ன, இருக்கணும்.”

ஜீப் போன சத்தம் அடங்கியதும் சந்தனம்மாள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். விடுமுறை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கிழக்கே கோடாக இருந்தது இப்போது பாதி வானத்துக்கு ஏறியிருந்தது.

“லீவாம்ல? அதுக்கு லீவு இல்ல போல” என்று மேலே காட்டினாள்.

ஜெகதீஸ்வரன் விளக்கைப் பார்த்தான். எண்ணெய் கால்வாசிதான் இருந்தது. பாட்டிலை எடுத்து விளிம்பு வரைக்கும் ஊற்றினான். திரியைத் தூண்டினான். பிரிண்டரின் மேலிருந்த கனகாம்பரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் காகிதத்தைச் செருகினான்.

“உங்க பேரு பட்டியல்ல எப்படிம்மா இருக்கு? வீட்டுக்காரர் பேரோடயா?”

“சோலை சம்சாரம் சந்தனம்மாள். நாலு ஏக்கரு.”

பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. நல்லகண்ணு ஓடி வந்தார். அட்டையைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார்.

“தம்பி, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

“நான் சாவியை எடுக்கச் சொல்லலையேண்ணே.”

“சொல்லாமத்தான நிக்கிறீரு. அதான் சங்கடம்.” நல்லகண்ணு சாவியிலிருந்த குங்குமத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் செய்தி நாலு பக்கமும் போயிற்று. ஒரு மணியிலிருந்து டிராக்டர்கள் வர ஆரம்பித்தன. ஊருக்கு ஒன்றாக ஆட்களோடு வந்து, ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊர்க்காரர்களின் விதை முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அட்டைக்கு இருபது விநாடி. விளக்கு தணியும்போதெல்லாம் ஜெகதீஸ்வரன் எண்ணெய் ஊற்றினான். எண்ணெய் தீர்ந்தபோது யாரோ கடையிலிருந்து அரை லிட்டர் வாங்கி வந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பதாவது அட்டை வந்து விழுந்தபோது மணி ஆறரை. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அந்த அலுவலகத்தில் இத்தனை வேலை நடந்த நாள் வேறில்லை. அன்று விடுமுறை என்பதால் வேலையைத் தடுக்க ஆள் இல்லாமல் போயிற்று.

மறுநாள் விஜயதசமி. அன்றும் அதற்கு அடுத்த நாளும் கரிசல் முழுக்க விதைத்தார்கள். விதைத்து முடித்த அன்று சாயங்காலமே மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை.

மழையோடு மழையாக அலுவலகத்தில் இடி விழுந்தது. காலியான கிட்டங்கியையும் கட்டுக்கட்டாக இருந்த கையெழுத்துப் பெற்ற ரசீதுகளையும் ராஜகுரு மாறி மாறிப் பார்த்தார். ஒரு மூட்டை குறையவில்லை, ஒரு கையெழுத்து விடுபடவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தார். அட்டைகளில் அச்சாகியிருந்த தேதி விடுமுறை நாள். விடுமுறையில் வழங்கிய அட்டை செல்லாது. செல்லாத அட்டைக்குக் கொடுத்த விதையை, கொடுத்த நிலையிலேயே மீட்க வேண்டும்.

மழை விட்டு ஒரு வாரம் கழித்து மீட்புக் குழு ஜீப்பில் புறப்பட்டது. முதல் பெயர் சந்தனம்மாள். எழுதுவதற்கு ஜெகதீஸ்வரனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

நாலு ஏக்கரிலும் பருத்தி இரண்டிரண்டு இலையாக வரிசை பிடித்து நின்றது. சௌந்தரபாண்டியன் வரப்பிலிருந்து காலை எடுத்து உள்ளே வைத்தார். கரிசல் அவருடைய ஷூவை வாங்கி வைத்துக்கொண்டது. அவர் காலை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

“விதையை ஒப்படைக்கணும்மா” என்றார் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.

“தாராளமா எடுத்துக்கிடுங்கய்யா” என்றாள் சந்தனம்மாள். “எது உங்க விதைன்னு காட்டுங்க. நான் புடுங்கித் தாரேன். இலை மட்டும் எனக்கு. இலை நீங்க குடுக்கலைல்ல.”

ராஜகுரு மீட்புப் படிவத்தை விரித்தார். “விதையின் தற்போதைய நிலை. நல்லது, சேதம், எலி தின்றது. மூணுதான் சார் இருக்கு.”

“முளைத்தது?”

“அதுக்கு இடமில்லை சார். வாரியம் ஆரம்பிச்ச இருபத்தஞ்சு வருஷத்துல அந்த நிலைமை வந்ததில்லை.”

சௌந்தரபாண்டியன் யோசித்தார். நல்லது என்று எழுதினால் விதையைக் காட்ட வேண்டும். சேதம் என்றால் யாராவது பொறுப்பேற்க வேண்டும். வரப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எலி தின்றது” என்றார். ராஜகுரு பக்குவமாகத் தலையாட்டினார். ஜெகதீஸ்வரன் எழுதினான். சந்தனம்மாள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்துக் காட்டினான்.

“எலியா? இதையா?” அவள் தன் வயலைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். “சரி, போடுங்க. முளைச்சு நிக்கிறதை இல்லைன்னு எழுதுறதுக்கு இம்புட்டுப் பேரு ஜீப்புல வாரீகளே. இதுல ஒரு ஆளு களை எடுக்க வந்திருந்தா ஒரு நாள் வேலை முடிஞ்சிருக்கும்.”

கையெழுத்துப் போட்டாள். மற்ற ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேர் வயலுக்கும் போக வேண்டியதில்லை என்று ராஜகுரு விதி காட்டினார். எலி எல்லா இடத்திலும் ஒன்றுதான். அலுவலகத்துக்குத் திரும்பி, முழுப் பட்டியலையும் அப்படியே அச்சடித்துத் தரும்படி ஜெகதீஸ்வரனிடம் சொன்னார்கள். பழைய பதிப்பு ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. கடைசித் தாள் வெளியே வந்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவன் விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்த இடத்திலும் அடிக்காமல், பஸ்ஸுக்குப் போனான்.

சென்னையில் அந்தப் பட்டியலைக் கண்டு அதிர்ந்துபோனார்கள். ஒரே வட்டாரத்தில் ஒரே இரவில் இவ்வளவு விதையைத் தின்ற எலிகள் வாரியத்தின் வரலாற்றிலேயே இல்லை. நிபுணர் குழு அமைத்தார்கள். அடுத்த வருஷம் திருச்சுழி வட்டாரத்துக்கு விதை ஒதுக்கீட்டை ரத்து செய்து, பதிலாக மூன்று டன் எலி மருந்து ஒதுக்கினார்கள்.

மாசிக் கடைசியில் பஞ்சு வெடித்தது. எலி தின்ற நாலு ஏக்கரில் சந்தனம்மாள் பன்னிரண்டு குவிண்டால் எடுத்தாள். அந்த வருஷத்து ஆண்டறிக்கையில் திருச்சுழி வட்டாரத்துப் பருத்தி விளைச்சல் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. பக்கத்தில் முறைப்படி சான்றொப்பமும் இருக்கிறது.